அக்கா சொன்ன மூன்று

அக்கா காலுறையை இடுக்கியால்தான் போடுவாள். அடுப்பிலிருந்து பால் பாத்திரம் இறக்குகிற அதே இடுக்கி. கட்டில் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்து, காலுறையின் வாயைக் கவ்விப் பிடித்துப் பாதத்தை மெல்ல உள்ளே நுழைப்பாள். இடுப்பு மடங்காது. அத்தான் அதற்கப்புறம் தேநீரை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

பதினோரு வருடமாக வார்டில் நர்ஸ். எழுபது கிலோ ஆளைப் புரட்டிப் படுக்கவைப்பவள், வீட்டில் நாலு வயது மகளைத் தூக்கமாட்டாள். குழந்தை கையை நீட்டினால், "மாமாகிட்ட போடி" என்று என்னைக் காட்டுவாள். என் தோளில் ஏறியபிறகும் குழந்தை அவளையேதான் பார்க்கும்.

புறநோயாளிப் பதிவு மேசைக்கு ஒரு நர்ஸ் தேவைப்பட்டது. உட்கார்ந்து பார்க்கிற வேலை, பகல் மட்டும். முதுகுவலி உள்ளவருக்குத் தருவதாகச் சொல்லி, அக்காவையும் அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த தோழியையும் மருத்துவரிடம் அனுப்பினார்கள். தோழிக்கு வார்டில் 'கொண்டை' என்று பெயர். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு? நோயாளிகளிடம் இவர்கள் தினமும் கேட்கிற கேள்விதான். அக்கா மூன்று என்றாள். கொண்டை எட்டு என்றாளாம். நாற்காலி கொண்டைக்குப் போனது.

"எட்டாம். எட்டு இருக்கறவ லிப்ஸ்டிக் போட்டுட்டு வருவாளா?" என்றாள் அக்கா, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு.

நீயும் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"எலும்பு ஒடஞ்சு வர்றவன் எட்டுங்கறான்டா. நடந்து போய் நின்னுட்டு எந்த வாயால எட்டு சொல்றது?"

அதோடு கொண்டையுடன் சாப்பிடுவது நின்றது. ஆனால் அந்த நாற்காலியைப் பற்றி அக்காவுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. சக்கரம் வைத்தது, உயரம் கூட்டலாம், புதுசாக ஒரு மெத்தை வந்திருக்கிறது. கொண்டை மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போகிறாளாம். "முதுகு எட்டுல இருக்கு, பொண்ணு தண்ணியில இருக்கா" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறந்துவைத்துப் போன சாப்பாட்டைக் கொடுக்க ஒருநாள் போயிருந்தேன். வார்டிலிருந்து உணவறைக்கு நேர்வழி உண்டு. அக்கா பதிவு மேசையைச் சுற்றிக்கொண்டுதான் வந்தாள். மேசையைத் தாண்டும்வரை கழுத்து நிமிர்ந்து, நடை விறைப்பாக இருந்தது. திருப்பத்துக்கு அப்பால் வந்ததும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, கண்ணை மூடி நின்றுவிட்டாள். நான் தூணுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் காத்திருந்து, இப்போதுதான் வருகிறவன் மாதிரி வந்தேன்.

ஐந்து வயது முடிவதற்குள் குழந்தை அவளிடம் கை நீட்டுவதை விட்டுவிட்டது. அக்கா அதைக் கவனித்தாள். கொண்டையைத்தான் இன்னும் கொஞ்சம் திட்டினாள்.

போன மாதம் காய்ச்சலுக்குப் பதிவு செய்யப் போனபோது கொண்டை என்னை அடையாளம் கண்டுகொண்டாள். உங்க அக்கா ஏன் என்னோட பேசறதே இல்ல என்று கேட்டாள். எனக்கு எதையும் சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது. எட்டைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவள் எழுதுவதை நிறுத்தினாள். முதலில் அவளும் மூன்று என்றுதான் சொன்னாளாம். எழும்போது மேசையைப் பிடித்ததைப் பார்த்துவிட்டு, "உன் பேஷண்ட் இப்படி எழுந்தா நீ எத்தனைன்னு எழுதுவே?" என்று மருத்துவர் கேட்டாராம். எட்டு, அதற்கு அவள் சொன்ன பதில்.