சின்சில்லா என்னைக் கண்டு கத்துது

மகள் வளர்க்கிற சின்சில்லாவுக்கு அணிலின் முகம், முயலின் காது. தென் அமெரிக்காவின் குளிர் மலைகளில், கல் இடுக்குகளில் கூட்டமாய் இருக்கிற சாதியாம். மயிர் அவ்வளவு அடர்த்தி. நனைந்தால் லேசில் காயாது, அதனால் சாம்பல் மாதிரித் தூளில் புரண்டுதான் குளிக்கும். அதுக்கு வேர்க்கிறதும் இல்லை.

"நரி கவ்வினால் மயிரை அதின்ரை வாயிலை விட்டிட்டு ஓடிடும் அம்மா. நரியைக் கண்டது ஒரு கத்துக் கத்தும், மற்றதெல்லாம் பொந்துக்குள்ளை பூந்திடும்" என்று மகள் சொன்னாள். எங்கள் வீட்டில் அது இரண்டு வருசமாய் ஒருநாளும் கத்தினதில்லை.

செயின்ட்-மிஷேல் பகுதியில், கூரைக்கு நேர் கீழே மூன்றாம் மாடியில் இருக்கிறோம். கோடையில் கூரைச் சூடு முழுக்க எங்களுக்குத்தான். வேலைக்குப் போகும்போது மகள் தினமும் சொல்லுவாள்:

"ஏசியை நிப்பாட்டிப் போடாதேங்கோ. சூடு பிடிச்சால் அது செத்துப்போம்."

"ஓம் பிள்ளை."

ஆனால் தனி ஆளுக்கு ஏசி ஓடுகிறது எனக்கு மனம் ஒப்பாது. காலும் விறைக்கும். போன ஆடியில் ஒருநாள், கொஞ்ச நேரம்தானே என்று நிப்பாட்டினேன். யன்னலைத் திறந்து, காற்றுப் படட்டும் என்று கூட்டையும் கிட்ட இழுத்து வைத்தேன். மனிசருக்குச் செய்கிறதைத்தான் செய்தேன். பிறகு கதிரையில் அயர்ந்துபோனேன்.

விழித்தபோது என் கழுத்தெல்லாம் வேர்வை. கூட்டுக்குள் சின்சில்லா சரிந்து கிடந்தது. காது இரண்டும் இரத்தச் சிவப்பு. வாயால் மூச்சு வாங்கியது. ஈரத்துணி எடுத்தேன், மயிர் காயாது என்ற ஞாபகத்தில் கீழே போட்டேன். ஏசியைப் போட்டுவிட்டு, குளியலறையின் குளிர்ந்த தரையில் கிடத்துவம் என்று அள்ளித் தூக்கினேன். ஒரு பிடி மயிர் கழன்று என் கையில் நின்றது.

நரிக்குக் கொடுக்கிறதை எனக்குத் தந்தது.

மெல்ல மெல்லக் காதின் சிவப்பு இறங்கியது, மூச்சும் சீரானது. மயிரைக் கடதாசியில் சுற்றிக் குப்பைவாளியின் அடியில் புதைத்தேன்.

பின்னேரம் மகள் கேட்டாள், "இதென்ன, முதுகிலை சொட்டை? ஆர் பிடிச்சது?"

"நான் பாக்கேல்லைப் பிள்ளை."

அடுத்த நாள் நான் அறைக்குள் கால் வைக்க, அது நிமிர்ந்து நின்று என்னைப் பார்த்துக் கத்தியது. காய்ந்த தடி முறிகிற மாதிரி, விட்டு விட்டு.

"என்னம்மா, உங்களை நரியெண்டு நினைக்குதோ?" மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இப்பவும் என்னைக் கண்டால் கத்துது. பொந்துக்குள் ஓட இந்த வீட்டில் அதின் இனம் வேறு இல்லை. ஆனால் அது கத்தும்போது மகள் இப்ப சிரிக்கிறதில்லை. கூட்டைப் பார்க்கிறாள். பிறகு என்னைப் பார்க்கிறாள்.