வடிவில்லாத ஜாக்கெட்

பெரியபிள்ளையான மகளின்ர சாமத்திய வீட்டு அல்பத்துக்குப் படம் எடுக்கவெண்டே கனடாவில மில்லிக்கனில இருந்து இந்தியாவுக்கு, நைனிடால் போனம். மலையளுக்கு நடுவில ஏரி. படகில ஏறினதும் என்ர கணவர் கமராவைத் தூக்கினார்.

"லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டு பிள்ளை. சாறி தெரியேல்லை, வடிவில்லை."

படகோட்டி கையை ஆட்டி வேண்டாமெண்டார். நான்தான் கழட்டிவிட்டன். அந்த விசர் வேலைக்கு என்னை இன்னும் மன்னிக்கேல்லை. காத்தடிச்சுப் படகு ஆட, எழும்பி நிண்ட பிள்ளை தண்ணிக்குள்ள விழுந்திட்டாள். படகோட்டி பின்னலைப் பிடிச்சு இழுத்தபடியால்தான் இருக்கிறாள். இவர் சொன்னார், "நல்ல காலம், கமரா நனையேல்லை."

அருவி, பனிமலை ஒண்டும் பாக்காமல் திரும்பினம். கரையில அவளுக்கு லைஃப் ஜாக்கெட்டைத் திரும்பப் போட்டு நான் எடுத்த படம்தான் இப்ப அல்பத்தின்ர முதல் பக்கம். வடிவில்லை எண்டு சொல்லுற ஆக்களுக்கு எங்கட வீட்டில தேத்தண்ணி இல்லை. இவருக்கும்தான்.