மண்டபத்தில் ஓடிய பழைய கார்ட்டூன்

எங்கள் ஆட்களுக்கு அழைப்பிதழில் ஐந்து மணி என்று போட்டால் ஏழு மணி என்று அர்த்தம். இது ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியும் என்று நினைத்ததுதான் நான் செய்த முதல் விசர்வேலை.

மகளின் எட்டாவது பிறந்தநாளுக்கு லண்டன் கிங்ஸ்பரியில் மண்டபம் எடுத்திருந்தோம். சரியாக ஐந்துக்கு வந்து நின்றவர்கள் அவளுடைய வகுப்புத் தோழியும் தாயும் மட்டும்தான். கறுப்பினப் பிள்ளை. பள்ளியில் என் மகளுக்கு இருக்கிற ஒரே சிநேகிதி. "அவள் வராட்டி எனக்குப் பார்ட்டியே வேண்டாம்" என்று ஒரு மாதமாக மகள் என் உயிரை வாங்கியிருந்தாள்.

அந்த மகளோ தகப்பனோடு பூங்காவில் போட்டோ எடுத்துக்கொண்டு நின்றாள். வெறும் கதிரைகளுக்கு நடுவில் அந்த இரண்டு பேரும் இருக்க, எனக்கு வெட்கக்கேடாகிவிட்டது. இவரைப் போனில் பிடித்து ஏசினேன். "வாறம், வாறம், இன்னும் ரெண்டு படம்தான்" என்றார்.

வந்த பிள்ளைக்குப் பராக்குக் காட்டத்தான், என் அண்ணை தந்த பென் டிரைவை லப்டொப்பில் போட்டுத் திரையில் ஓடவிடும்படி ஒலிபெருக்கிக்காரரிடம் சொன்னேன். எங்கள் அப்பா பிறந்த காலத்துக் கார்ட்டூன்கள். "பழசுதான் திறம். கெட்ட சொல் ஒண்டும் இல்லை, பயப்பிடாமல் போடு" என்று சொல்லித் தந்தவர். ஒலிபெருக்கிக்காரர் போட்டுவிட்டுத் தன் வான் வண்டியை நிறுத்த இடம் தேடிப் போனார். நான் குசினிக்குப் போய் ரோல்ஸ் எடுத்து வந்தேன்.

திரையில் ஒரு தீவு. கரி நிறத்தில், முகத்தில் பாதி உதடாக, மூக்கில் எலும்பு குத்திய ஆட்கள் ஒரு பெரிய பானையைச் சுற்றிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். பானைக்குள் தொப்பி போட்ட வெள்ளை ஆட்டுக்குட்டி.

சின்ன வயதில் இந்த மாதிரிப் படங்களை வீடியோவில் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவள் நான். தலைப்பாகை கட்டி மகுடி ஊதுகிற ஒருவன் வருவான்; அதற்கும் சிரித்தோம். அது எங்களைத்தான் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. அன்றைக்கு அந்தப் பிள்ளையைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அவள் சிரிக்கவில்லை. தாயின் கையைப் பிடித்திருந்தாள்.

ஐயோ கடவுளே! ஓடிப்போய் லப்டொப்பில் கண்டபடி தட்டினேன். சத்தம் கூடியதே தவிர நிற்கவில்லை. வேறு வழி தெரியாமல் புரொஜெக்டருக்கு முன்னால் போய் நின்றேன். அந்த உருவங்கள் என் பட்டுச்சேலையில் குதித்தன.

தாய்தான் எழுந்து வந்து லப்டொப்பை மூடினார். இருபது வருசம் இந்த நாட்டில் வேலை செய்தவளுக்கு "சொரி" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை.

"நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரியும்," என்றார் ஆங்கிலத்தில், மெதுவாக. "ஆனால் இவளுக்கு வீட்டுக்குப் போக வேண்டுமாம்."

ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர்கள் வைத்துவிட்டுப் போன பரிசை மேசைக்குக் கீழே தள்ளி மறைத்தேன்.

ஆறரைக்கு மகள் ஓடி வந்தாள். "அம்மா, அவள் வந்திட்டாளோ?"

"இன்னும் வரேல்லை, குஞ்சு" என்றேன்.

ஏழரைக்கு மண்டபம் நிறைந்தது. கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். "அஞ்சு நிமிசம் பொறுங்கோ, அவள் வருவாள்" என்று கத்தியைப் பிடித்தபடி நின்றாள் பிள்ளை. திங்கட்கிழமை பள்ளியில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். அது தெரிந்தும், அவளோடு சேர்ந்து நானும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.