பெற்றோல் மூடியில் ஒரு பொட்டு

எங்கள் வீட்டுக்குப் புதுக் கார் வந்த அன்று அப்பா கடையை மத்தியானத்தோடு மூடிவிட்டார். கண்டிக்குப் பக்கத்து வத்தேகம பஜாரில் அந்தப் புடவைக்கடை அதற்கு முன் பட்டப்பகலில் மூடிக் கிடந்தது தாத்தா இறந்தபோது மட்டும்தான் என்று அம்மா சொல்வார். வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக இறங்கத் தொடங்கியிருந்த காலம் அது. அதுவரை ஊரில் ஓடியவை எல்லாம் யாரோ ஓட்டிக் கழித்த கார்கள். எங்களுடையது ஜப்பானிலிருந்து நேராக வந்தது. இளநீல நிறம், இருக்கைகளின் மேல் பிளாஸ்டிக் உறை. அந்த உறையைக் கழற்ற அப்பா கடைசிவரை சம்மதிக்கவில்லை. வெயில் நாளில் இறங்கும்போது தொடைத் தோல் பாதி அதோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். எனக்கு ஒன்பது வயது. புதுக் கார் என்றால் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும் என்று நினைத்திருந்தேன்.

அப்பாவுக்கு அதற்குப் பிறகு வேறு பேச்சே இல்லை. கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் கூறைச் சேலையின் விலையைக் கேட்டுக்கொண்டு நிற்க, இவர் கார் மூன்றாம் கியரிலேயே ஏற்றம் ஏறுகிற அழகைச் சொல்லிக்கொண்டிருந்தார். "புது வண்டிங்க. பத்து வருசத்துக்கு போனட்டத் தொறக்கவே தேவையில்ல" என்பார். எதிரே இரும்புச் சாமான் கடை வைத்திருந்த, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரிடமும் அதையே சொல்வார். நானாவின் பழைய இங்கிலீஷ் காருக்குக் கிட்டத்தட்ட அப்பாவின் வயது. அவர் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

முதல் வெள்ளிக்கிழமையே காரைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டோம். குருக்கள் சந்தனத்தைக் குழைத்து, போனட், ஸ்டியரிங், நாலு சக்கரம், பின்பக்கத்தில் பெற்றோல் ஊற்றும் வாயின் மூடி என்று ஓரிடம் விடாமல் பொட்டு வைத்தார். நாலு எலுமிச்சம்பழம் டயருக்கடியில் நசுங்கின. இரண்டு நாள் கழித்து அப்பா எல்லாவற்றையும் ஈரத் துணியால் துடைத்தெடுத்தார். "பெயின்ட் போயிரும். தோட்டத்து லொறி மாதிரி பொட்டும் பூவுமா கண்டிக்குப் போக முடியுமா?" என்றார்.

அம்மா கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அப்பாவின் ஆட்கள் மூன்று தலைமுறையாக டவுனில் கடை வைத்திருந்தவர்கள். தோட்டம் என்ற சொல்லை அப்பா கோபத்தில் சொல்லமாட்டார், சிரித்துக்கொண்டுதான் சொல்வார். குழம்பில் காரம் கூடினால் தோட்டத்துப் பழக்கம். ரேடியோவைச் சத்தமாக வைத்தால் தோட்டத்துப் பழக்கம். அம்மாவும் கூடவே சிரித்துவிடுவார். ஆனால் அம்மாவின் அண்ணன் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி புரண்டு செத்தவர். சக்கரம் வைத்த எதையும் அம்மா நம்பியதில்லை. பொட்டு இல்லாத வண்டியில் என்னை ஏற்ற அவருக்கு மனம் வரவில்லை.

அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமை காலையில் அப்பா கடைக்கு நடந்து போனதும், குளித்த ஈரத் தலையோடு கார் கொட்டகைக்குள் போவார். நான் குங்குமச் சிமிழைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பெற்றோல் மூடியின் நடுவில் சந்தனத்தை நன்றாக அப்பி அதன்மேல் குங்குமம் வைப்பார். பெற்றோல் அடிக்கும் இடத்தில் மூடியைத் திறப்பது அங்கே வேலை செய்கிறவர். அப்பா ஸ்டியரிங்கை விட்டு இறங்கவே மாட்டார். அந்தப் பக்கம் அவர் கண் போகாது. "அப்பாகிட்ட சொல்லிறாத. தொடைச்சிப் போட்டுருவாரு" என்பார் அம்மா. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் ரகசியம் அதுதான். அதை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் எவ்வளவு பெருமையோடு திரிந்தேன் என்று இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

ஒரு மாதம் போனது. ஒரு சனிக்கிழமை கண்டிக்குப் போகும்போது மடவளையைத் தாண்டி ஓர் ஏற்றத்தில் கார் இரண்டு தரம் இருமியது, பிறகு நின்றுவிட்டது. அப்பா சாவியைத் திருகினார், போனட்டைத் திறந்தார், மூடினார். அரை மணித்தியாலம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல அது தானாகவே உயிர் பெற்றது. அடுத்த சனிக்கிழமையும் அதே ஏற்றம், அதே இருமல். அதற்கடுத்த சனிக்கிழமை நாங்கள் றோட்டோரத்தில் நின்றபோது எதிர்க்கடை நானாவின் பழைய கார் ஊர்ந்து வந்து பக்கத்தில் நின்றது.

"என்ன மொதலாளி, காருக்கும் நோம்பா?" என்றார் நானா.

அம்மாவையும் என்னையும் அவர் கண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். அவருடைய இருக்கைகளுக்கு உறை இல்லை, தொடை ஒட்டவில்லை. நானா மாமாவின் கார்தான் நல்ல கார் என்று வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா அன்று சாப்பிடவில்லை.

காரை விற்ற கம்பெனி கண்டியில் இருந்தது. வாங்கப் போனபோது பீங்கான் கோப்பையில் தேநீரும் ஒரு கலண்டரும் தந்தார்கள். குறை சொல்லப் போனபோது வெளியே மர வாங்கில் உட்காரச் சொன்னார்கள். காரைப் பார்த்தவர் நீலச் சட்டை போட்ட ஒரு மெக்கானிக். முப்பது வயதிருக்கும், தமிழர். "நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரு, மனசு வச்சிப் பார்ப்பாரு" என்று முதலில் அப்பாவுக்குச் சந்தோசம். அந்த இடத்தில் எந்தக் கார் வந்தாலும் முதலில் சவர்க்காரம் போட்டு, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவார்கள். அதன் பிறகுதான் கை வைப்பார்கள். மெக்கானிக் மாமா பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், காபரேட்டரைத் துடைத்தார், கண்டி வாவியை இரண்டு தரம் சுற்றி ஓட்டினார். கார் பூவாக ஓடியது. "ஒரு கொறையும் இல்லீங்க" என்றார்.

கார் சுகமாகி வந்த நன்றிக்கு, வந்த வெள்ளிக்கிழமை அம்மா வழக்கத்தைவிடப் பெரிதாகப் பொட்டு வைத்தார். சனிக்கிழமை கார் நின்றது. மறுபடி கம்பெனி, மறுபடி கழுவல், மறுபடி ஒரு குறையும் இல்லை. மூன்றாம் தரம் அப்பா மனேஜரின் மேசையைத் தட்டிப் பேசினார். மனேஜர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு எங்கள் முன்னாலேயே சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவர் தலை குனிந்துகொண்டு நின்றார்.

வெளியே வந்ததும் அப்பா அம்மாவுக்கு விளக்கினார். "வர்ற சனிக்கிழமை அந்த ஆளு நம்ம கூடவே வந்து என்ன கொறைன்னு கண்டுபிடிக்கணுமாம். அவன் வேலையிலதான் பிழைன்னா, அவனை மெக்கானிக் வேலையில இருந்து எடுத்து கார் கழுவ விட்டுருவாங்களாம்."

அம்மா, "ஐயோ பாவம்" என்றார். எனக்கு அதில் என்ன பாவம் என்று விளங்கவில்லை. நாள் முழுக்கத் தண்ணீர்க் குழாயோடு விளையாடலாமே.

சனிக்கிழமை காலையில் அவர் பஸ்ஸில் வத்தேகம வந்து இறங்கினார். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. அப்பாவுக்குப் பக்கத்தில், உபகரணப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கார் போய்க்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து அம்மா கேட்டார்.

"தம்பிக்கு எந்தப் பக்கம்?"

"கலஹாங்க."

"கலஹாவுல எந்தத் தோட்டம்?"

அவர் சொன்னார். அது அம்மாவின் தோட்டம். அம்மா கீழ் டிவிசன், அவர் மேல் டிவிசன். அவருடைய லயத்து வரிசை வீடுகளிலிருந்து டவுனுக்கு வேலைக்குப் போன முதல் ஆள் அவர்தானாம். கம்பெனி பேர் போட்ட அந்தச் சட்டையை அவருடைய அம்மா மற்ற உடுப்புகளோடு சேர்க்காமல் தனியாகத் துவைப்பாராம். அதைச் சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். "அப்ப ரெண்டு பேரும் ஒரே தோட்டத்து ஆளுங்களா? அதான் வண்டி இப்புடிப் படுத்துக்குது" என்று அப்பா சிரித்தார். அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்பாவுக்குச் சிரித்ததைப் போலத்தான் இருந்திருக்கும்.

அதே ஏற்றம். கார் இருமி நின்றது. அப்பா கதவை அடித்துச் சாத்தினார். "இருங்க, மனேஜருக்கே கோல் பண்ணிட்டு வர்றேன்" என்று வளைவுக்குக் கீழே டெலிபோன் வைத்திருந்த கடையைப் பார்த்து நடந்தார்.

மெக்கானிக் மாமா போனட்டுக்குள் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பின்பக்கம் வந்து பெற்றோல் மூடியைத் திறந்தார். டாங்கிக்குள்ளிருந்து நீளமாக ஒரு மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. மூடியைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். நடுவில் காய்ந்து இறுகியிருந்த மஞ்சள் கட்டியை நகத்தால் சுரண்டி, முகர்ந்தும் பார்த்தார். அதற்குள் அம்மா இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்றார். நானும் போனேன்.

"தம்பி, அது நான்..." என்றார் அம்மா.

"நாங்கதான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வைக்கிறது" என்று நான் பெருமையாக எடுத்துக் கொடுத்தேன்.

"இதுல குண்டூசி அளவுல ஓட்டை ஒண்ணு இருக்கு பாப்பா. பெற்றோல் கொறையக் கொறைய அது வழியா காத்து உள்ள போகணும். அடைச்சிட்டா பெற்றோல் எஞ்சினுக்கு வராது." என்னிடம் சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார். "அய்யாவுக்குத் தெரியுமாக்கா?"

அம்மா இல்லையென்று தலையை ஆட்டினார். அவர் கண் நிறைந்திருந்தது. "காலம் பூரா இதையே சொல்லிச் சிரிப்பாரு தம்பி" என்றார்.

அவர் பையிலிருந்து மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்தார். சந்தனத்தைத் துணியால் அடையாளமே தெரியாமல் துடைத்தார். பிறகு கிரீஸ் டப்பாவில் விரலை விட்டு மூடியின் மேல் இலேசாகத் தடவினார். துடைத்ததை ஏன் மறுபடி அழுக்காக்குகிறார் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா வந்துவிட்டார்.

"என்ன, கண்டுபிடிச்சாச்சா?"

"பிழை என் மேலதாங்க. வண்டி குடுத்தப்பவும் பெறகு சேர்விஸ்லயும் கிரீஸ் கையோட மூடியைப் போட்டிருக்கேன். ஓட்டை அடைச்சிருச்சு."

அப்பாவின் முகம் மலர்ந்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பார்த்ததில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல. வண்டியில கொறையில்ல, வேலையிலதான் கொறை" என்றார். பிறகு, "இதை மனேஜர்கிட்டயும் இப்புடியே சொல்லணும்" என்றார்.

"சொல்றேங்க."

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் தோளை அழுத்தியது. வலித்தது. கண்டி போகும்வரை அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு கார் ஒரு நாளும் நிற்கவில்லை. நானாவின் நோன்புக் கதையும் ஓய்ந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை நான் குங்குமச் சிமிழோடு கொட்டகையில் காத்திருந்தேன். அம்மா வரவில்லை. "இனி வேணாம்" என்று சொல்லி என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து அடுத்த சேர்விஸ். வழக்கமில்லாமல் அம்மாவும் வருகிறேன் என்றார். கையில் ஒரு டின் நிறைய முறுக்கு. கம்பெனிக்குள் போனதும் வேறொரு நீலச் சட்டைக்காரர் வந்தார். அப்பா அவரோடு பேசிக்கொண்டே உள்ளே போனார். காரைக் கழுவத் தண்ணீர்க் குழாயோடு வந்தவர் நம் மெக்கானிக் மாமா. பழைய பனியன், முழங்கால்வரை பளபளவென்று மஞ்சள் றப்பர் பூட்ஸ். அவ்வளவு அழகான பூட்ஸை நான் அதுவரை கண்டதில்லை.

"மாமா, கம்பெனி குடுத்ததா?"

"ஆமா பாப்பா, கம்பெனி பூட்ஸ்."

அம்மா டின்னை நீட்டினார். "தம்பி, நான் அன்னிக்கே வாயத் தொறந்திருக்கணும்."

"விடுங்கக்கா. தண்ணி வேலை நல்லாத்தான் இருக்கு. கிரீஸ் கறை இல்ல, அம்மாவுக்குத் துவைக்கிற வேலை மிச்சம்."

அவர் காரைக் கழுவினார். பெற்றோல் மூடியை மட்டும் கையால் தனியாகத் துடைத்தார்.

திரும்பி வரும்போது அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். என்ன என்று அப்பா கேட்டதற்குப் பெற்றோல் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்றார். நான் பேச்சை மாற்ற நினைத்து, பிழையைக் கண்டுபிடித்த அந்த மாமாவுக்குக் கம்பெனி பூட்ஸ் பரிசு கொடுத்திருக்கிறது என்று சொன்னேன். "குடுக்கட்டும். பிழையை ஒத்துக்கிட்ட ஆளு" என்றார் அப்பா, மனதாரத்தான்.

அந்த வருட மழைக்கு எனக்கும் அதே மாதிரி மஞ்சள் பூட்ஸ் வேண்டும் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் அடம்பிடித்தேன். அப்பா வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டார். நான் எதைக் கேட்டாலும் மறுக்காத அம்மா, அது இந்த வீட்டு வாசல்படி ஏறக்கூடாது என்று சொல்லி, என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். அவரிடம் நான் வாங்கிய ஒரே அடி அது. ஒரு சோடி பூட்ஸ் கேட்டதற்கு அம்மாவுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று அழுதுகொண்டே யோசித்தேன். அடித்த கையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.