கிராணியார் விட்டுவைத்த ஒரு சாண் இடம்

தெற்கே தெப்ரா ஊருக்குச் சரக்கு ஏற்றிப் போன லோரி திரும்பி வந்து கடை வாசலில் நின்றது. எப்போதும் இறங்கியதும் என்ஜின் மூடியைத் தூக்கிப் பார்க்கிற என் மகன் முருகையன், அன்று நேரே உள்ளே வந்து அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தான். "கிராணியார் போயிட்டாருப்பா" என்றான். பிறகு கரி படிந்த கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். மீசை வைத்தவன், பிள்ளைகளுக்குத் தகப்பன்.

சின்னத்தம்பி கிராணியார் காலமான செய்தி என்னிடம் வந்தது இப்படித்தான். கேட்டதும் துக்கம் பொங்கியது என்று எழுதினால் பொய். நான் செத்தால் இவன் இப்படி அழுவானா என்பதுதான் முதலில் தோன்றியது. துக்கம் பின்னால்தான் வந்தது. அவரைத் தெரிந்த உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? பழகிய காலம் முழுதும் அந்த மனிதர்மேல் நான் பொறாமைப்பட்டேன். இன்னும் அது அடங்கவில்லை.

சிகாமட் ரயிலடிச் சரக்குக் கொட்டகைக்கு அவர் கிராணி, கணக்குப் பார்க்கிற குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக்காரர், சர்க்கார் உத்தியோகம், வெள்ளைக் கோட்டு. நான் கப்பலேறி வந்து தவுக்கே என்கிற சீன முதலாளியின் கடையில் மூட்டை தூக்கி, பிறகு சொந்தமாகக் கடை போட்டவன். சிங்கப்பூரிலிருந்து ரயிலில் வரும் என் அரிசி அவர் கையைத் தாண்டித்தான் வரவேண்டும். ஒருநாள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. சரக்குச் சீட்டுப் பார்ப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், மூட்டையை விடுங்கள் என்று கெஞ்சினேன். "மழைக்குச் சட்டம் தெரியாது. எனக்குத் தெரியும். கொஞ்சம் நில்லுங்கோ" என்றார். மழையும் வந்தது. மனிதர் தன் குடையை விரித்து என் மூட்டைகளுக்குப் பிடித்தார். தான் நனைந்துகொண்டே ஒவ்வொரு சீட்டாகப் பார்த்து முடித்தார். திட்ட நினைத்த எனக்கு வாய் வரவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

அவர் மகன் இராசரத்தினத்துக்கு அப்போது மீசை அரும்புகிற வயசு. எங்கள் ஊரில் யாழ்ப்பாணத்துக்காரர் வீட்டுப் பையன் என்றால் என்ன ஆவான் என்று யாரும் கேட்பதில்லை. பரீட்சை தேறுவான், சர்க்கார் நாற்காலியில் உட்காருவான். கிராணியார் மட்டும் ஒரு புதுப் பழக்கம் வைத்திருந்தார். பள்ளிக்கூடம் மூடும்போதெல்லாம் மகனை ஒவ்வொரு தொழிலுக்கு அனுப்புவார். ஒருமுறை நில அளவைக்காரரோடு காட்டுக்குப் போனான். ஒருமுறை ரப்பர் பால் எடுக்கிற கித்தாத் தோட்டத்து ஆஸ்பத்திரியில், காயம் கட்டுகிற டிரஸ்ஸருக்குக் கூடமாட இருந்தான். அடுத்த முறை என் கடை. கொண்டுவந்து விடும்போது என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"இவனை மேசைக்குப் பின்னாலை இருத்திப்போடாதேங்கோ. மூட்டை தூக்கட்டும், ஏச்சு வாங்கட்டும். எந்த வேலைக்கும் முன்பக்கம் வடிவாத்தான் இருக்கும். பின்பக்கத்தைக் காட்டுங்கோ."

காட்டினேன், ஒரு குறையும் வைக்காமல். புளி உருட்டவிட்டேன், எலி செத்த மூலையைக் கழுவவிட்டேன். பையன் அசரவில்லை. மூட்டையில் குத்தி அரிசி மாதிரி எடுக்கும் குத்தூசி ஒன்று எங்களிடம் உண்டு. அதை வாங்கிக் குத்தி, உள்ளங்கையில் கொட்டி, முகர்ந்து, பழைய அரிசியா புது அரிசியா என்று சொல்லப் பழகிவிட்டான். தோட்டத்துப் பெண்கள் அவனிடம்தான் சாமான் கேட்பார்கள். விடுமுறை முடிந்து போகும்போது, பழைய குத்தூசி ஒன்று கிடைக்குமா என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

எனக்கு வயிறு எரிந்தது அதற்கல்ல. சாயங்காலம் கிராணியார் வந்து வெளியே நிற்பார். இரண்டு பேரும் தண்டவாள ஓரமாக நடந்து வீட்டுக்குப் போவார்கள். பையன் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே போவான், இவர் தலையை மட்டும் அசைப்பார். நான் கடை வாசலில் நின்று அவர்கள் மறைகிறவரை பார்ப்பேன். எனக்கும் அதே வயசில் மகன் இருந்தான். அதே கடையில் நாள் முழுதும் என் பக்கத்தில்தான் நின்றான். என்னோடு அவன் பேசிய நீளமான பேச்சு, "கடையச் சாத்திடவாப்பா" என்பதுதான்.

பையன் எல்லாவற்றையும் சொல்கிறானே, என்ன மருந்து போட்டீர்கள் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். சிரித்தார். "என்னவா வரப்போறாய் எண்டு நான் கேக்கிறேல்லை. இண்டைக்கு என்ன செய்தனீ எண்டு மட்டும்தான் கேக்கிறனான்" என்றார். நானும் அன்றே முருகையனிடம் கேட்டுப் பார்த்தேன். "கடையிலதானே இருந்தேன், நீங்கதான் பாத்தீங்களே" என்றான்.

அந்த வருஷம் சரஸ்வதி பூசை வந்தது. என் வீட்டுப் பூசைப் பலகையில் தராசு, படிகள், கணக்குப் புத்தகம் எல்லாம் நெருக்கியடித்து இருக்கும். முருகையன் கையைப் பிடித்துத் தராசில் வைத்துக் கும்பிடச் சொல்வேன். அதை முடித்துக்கொண்டு, வழக்கம்போல் கிராணியார் வீட்டுக்குக் கடலை சாப்பிடப் போனேன்.

அவர் பலகையில் அவருடைய பேனாவும் சமயப் புத்தகங்களும் ஒரு பக்கம். மறுபக்கம் மகன் பழகிய தொழில்களின் சாமான்கள்: அளவைச் சங்கிலியில் ஒரு வளையம், ஒரு மருந்துக் குப்பி, என் கடைக் குத்தூசி. இவற்றுக்குப் பக்கத்தில் வருஷா வருஷம் ஒரு சாண் இடம் சும்மா விட்டிருப்பார். "இனி வரவேண்டியதுக்கு" என்பார். அந்த வருஷம் அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு ஸ்பானர் இருந்தது.

"மோட்டார் வேலையும் பழகறானா உங்க பையன்?" என்றேன்.

கிராணியார் கடலைக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அது இராசன்ர இல்லை. உங்கட முருகையன்ர" என்றார்.

அவர் சொல்லித்தான் தெரிந்தது: நான் கொள்முதலுக்கு வெளியூர் போகும் நாட்களில், என் மகன் கடையை ஆளிடம் விட்டுவிட்டுச் சீனன் பட்டறையில் லோரிக்கு அடியில் படுத்துக் கிடந்திருக்கிறான். ஊருக்கே தெரிந்திருக்கிறது. என் மகனுடைய சாமான் இன்னொருத்தன் வீட்டுப் பூசையில் சந்தனப் பொட்டோடு இருக்கிறது. கடையில் கள்ளச் சரக்கு பிடிபட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது. கையை நீட்டி எடுக்கப் போனேன். அவர் தடுத்தார். "பூசையிலை வைச்சதை இண்டைக்கு எடுக்கேலாது. காலமை வாங்கோ."

காலையில் போனேன். கற்பூரம் காட்டி, ஸ்பானரை ஒரு தட்டில் பூவோடு வைத்து நீட்டினார். என்னிடம் ஏன் முன்பே சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். அவர் குரல் ஏறவில்லை.

"என்னட்டை வந்து வழி கேட்டான். நான் ஒண்டும் சொல்லேல்லை. வைக்கிறதுக்கு இடம் மட்டும் குடுத்தனான். நீங்கள் வந்து பாப்பியள் எண்டு தெரியும். இது உங்கட சரக்கு. நான் கொட்டகையிலை வைச்சிருந்தனான், அவ்வளவுதான். சொந்தக்காரர் வந்தால் ஒப்படைக்கிறதுதானே என்ர வேலை."

வியாபாரி புத்தி போகுமா? அங்கேயே நின்று பேரம் பேசினேன். அடுத்த பூசை வரை பட்டறைக்குப் போகட்டும், ஆசை தீர்ந்ததும் கடைக்கு வந்துவிட வேண்டும், அப்படிச் சொல்லட்டுமா என்றேன். "கயித்தைக் கட்டிப்போட்டு ஓடச் சொல்லுறியள். வந்தால் கதவு திறந்திருக்கும் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றார்.

தட்டோடு கடைத்தெருவில் நடந்து வந்தேன். என் வீட்டுப் பலகையில் அதை வைக்க இடமில்லை. ஒரு படியை எடுத்துக் கீழே வைத்த பிறகுதான் வைக்க முடிந்தது. முருகையன் வந்தான், பார்த்தான், முகம் வெளுத்தது.

"ஏண்டா, நம்ம வீட்ல வைக்கக் கூடாதா?"

"இடம் எங்கப்பா இருந்துச்சு? பலகை முழுக்க உங்க படிதானே" என்றான்.

பட்டறைக்குப் போ, கடைக் கதவு திறந்தே இருக்கும் என்றேன். அவன் ஒரு துணியை எடுத்து ஸ்பானரைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே, லோரி ஏன் மேட்டில் திணறுகிறது என்று சொல்ல ஆரம்பித்தான். சோறு ஆறிப்போகிற அளவுக்குச் சொன்னான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை மட்டும் அசைத்தேன். அந்தத் தலையசைப்பும் கிராணியாருடையது என்று அசைக்கும்போதே தெரிந்தது.

அடுத்து நடந்தது இன்னும் மோசம். இராசன் பரீட்சை தேறினான். தேறிவிட்டு, எனக்குக் கடைதான் வேண்டும் என்றான். என் மகன் வேண்டாமென்று போட்டுவிட்டுப் போன தொழிலை அவர் மகன் கேட்டு வாங்கிக்கொண்டான். கிராணியாரின் மைத்துனர் கோலாலம்பூரிலிருந்து வந்து, சர்க்கார் நாற்காலியை விட்டுவிட்டு அரிசி நிறுக்கப் போகிறானா, இனி எங்கள் பக்கத்தில் யார் பெண் கொடுப்பார்கள் என்று பலர் முன்னால் கேட்டார். "நான் இவ்வளவு காலமும் அரிசி மூட்டையை எண்ணினன். அவன் நிறுக்கப்போறான். அதிலை என்ன குறைவு?" என்று கிராணியார் சிரித்தபடி சொன்னார். மைத்துனர் கை நனைக்காமல் போய்விட்டார்.

மறுநாள் கிராணியார் என் கடைக்கு வந்தார். சாமான் எதுவும் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டோடு புளிக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உண்மையைச் சொல்லுங்கோ. இவன் பிழைப்பானோ?"

அவரும் பயப்படுவார் என்று அன்றுதான் தெரிந்தது. நான் அவனைக் கழுவவிட்ட மூலை, தூக்கவிட்ட மூட்டை, அவன் முகர்ந்து சொன்ன அரிசி எல்லாவற்றையும் சொல்லி, நிச்சயம் பிழைப்பான் என்றேன். இந்தப் பயத்தைப் பையனிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"பயம் என்ர. அதை அவன்ர தலையிலை ஏன் ஏத்துவான்?"

எழுந்து, கோட்டைத் தட்டிக்கொண்டு போனார். சுமையை என் கடையில் இறக்கிவைத்துவிட்டு மகனிடம் வெறுங்கையோடு போனார். ஒரு சர்க்கார் கிராணி ஒரு விஷயத்துக்கு என்னைத் தேடி வந்தார் என்று கொஞ்ச நேரம் பெருமையாக இருந்தது. பிறகு பழைய எரிச்சல் திரும்பி வந்தது. நான் என் பயத்தையெல்லாம் முருகையன் தலையில்தானே ஏற்றி வைத்திருந்தேன்.

இராசன் கடை இப்போது தெப்ராவில் நன்றாக நடக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிராணியார் அங்கேதான் இருந்தார். முருகையன் சொந்தமாக லோரி ஓட்டுகிறான். என் சரக்கையும் அவனே ஏற்றுகிறான். கூலியில் தகப்பன் என்று சலுகை கிடையாது. தெப்ராவுக்குப் போகும்போதெல்லாம் கிராணியாரைப் பார்க்காமல் வந்ததில்லை. அங்கே என்ன பேசினாய் என்று நான் கேட்டதில்லை. கேட்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவர் போன பிறகு வந்த முதல் சரஸ்வதி பூசை இந்த வருஷத்தது. என் பலகையிலும் ஒரு சாண் இடம் சும்மா விடுவது உண்டு. ஸ்பானர் வந்த மறுவருஷத்திலிருந்து விட்டுவைக்கிறேன். என் கடைக்குட்டி சிவகாமி பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புப் படிக்கிறாள். மாப்பிள்ளை பார்க்கலாம் என்று அவள் அம்மா ஆரம்பித்திருக்கிறாள். பூசையன்று காலையில் பார்த்தேன். அந்த ஒரு சாண் இடத்தில், காயத்துக்குக் கட்டுகிற வெள்ளைத்துணிச் சுருள் ஒன்று, சீராகச் சுற்றி, பூ வைத்து இருந்தது.

இது என்ன, யார் கொடுத்தது, எங்கே போய்ப் பழகினாய் என்று நாக்கு துடித்தது. வயசுப் பெண் ஊரார் காயத்தைத் தொடுவதாவது என்று பயம் நெஞ்சில் ஏறியது. அதை இறக்கிவைக்க எனக்குப் போக்கிடம் இல்லை. புளிக்கூடைக்குப் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பிறகு எழுந்து போய், "இன்னைக்கு என்னம்மா செஞ்சே?" என்றேன்.

சொன்னாள். இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பூசைக்கு வந்தவர்கள், பலகையில் இடம் விடுவது உங்கள் வீட்டு வழக்கமா என்று கேட்டார்கள். ஆமாம், எங்கள் வீட்டு வழக்கம் என்றேன். அந்த ஒன்றையாவது நான் வைத்துக்கொள்கிறேன். கிராணியாரைத் தெரிந்தவர்கள் என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம்.