நடுவில் ஏன் சுவர்?

"கண்ணுக்கு இவ்வளவு பக்கத்துல இருக்கற மூக்கு ஏன் டீச்சர் தெரிய மாட்டேங்குது?" என்று மூன்றாம் வகுப்பில் ஸ்டெல்லா ஒருமுறை கேட்டாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னேன்.

இன்று காரிமங்கலம் பஸ்ஸில் அவளையும் அவள் அப்பாவையும் பார்த்தேன். எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்கள்தான். இளைஞர் குழுவோடு கென்யாவுக்கு இறைப்பணிக்குப் போய்விட்டு இன்றுதான் ஊர் திரும்புகிறாள்.

"எப்படி இருந்துச்சும்மா?"

"தங்குன வூட்டு அம்மாகிட்ட நம்ம கல்லறைத் திருநாள் போட்டோவக் காட்டுனேன்ங்க டீச்சர். பூவெல்லாம் அழகா இருக்குதுன்னாங்க. அப்பறம், நடுவுல ஏன் சுவருன்னு கேட்டுட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஆடு வராம இருக்கறதுக்குன்னு சொல்லிட்டேன்."



சுவருக்கு அந்தப் பக்கம் காலனிக்காரர்களின் கல்லறைகள். இந்தப் பக்கம் எங்கள் சாதிக்காரர்களுடையவை. வாசலும் தனித்தனி. அந்தச் சுவர் ஓரமாகத்தான் வருடாவருடம் என் கணவருக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறேன். காற்றுக்கு நல்ல மறைப்பு என்று அதைப் பாராட்டியும் இருக்கிறேன்.

"ஞாயித்துக்கிழமை பூசையில என்னையப் பேசச் சொல்லியிருக்காங்க. அந்தப் பொய்யத்தான் மொதல்ல சொல்லப் போறேன்," என்றாள்.

முன் சீட்டிலிருந்து அப்பா திரும்பினார். "ஏசுநாதரப் பத்திப் பேசச் சொன்னா சுவத்தப் பத்திப் பேசுவியா? நாம ஊருக்குள்ள குடியிருக்கறதா வேணாமா? டீச்சர், நீங்களாச்சும் சொல்லுங்க."

"பேசும்மா. நான் மொத வரிசையில உக்காந்துக்கறேன்," என்றேன். அதற்குப்பின் அவர் என்னிடமும் பேசவில்லை.

உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு எத்தனை வாசல் என்று பார்த்துவிட்டு வந்து கீழே கமெண்டில் எழுதுங்கள். ஆட்டின் மேல் பழி போடாமல்.