சுவரில் மாட்ட ஒரு படம்

மகாஜனங்கள் சகலருக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், இது கதையல்ல. போன ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், திருநின்றவூரில் என் வீட்டு பாத்ரூமில் நடந்தது. பேய்க்கு இருட்டு போதும், ராத்திரி வேண்டியதில்லை என்ற மாபெரும் உண்மையை உலகுக்கு முதலில் சொல்பவன் அடியேன்.

வரும் வியாழக்கிழமை எனக்கு பைபாஸ் ஆபரேஷன். நான் திரும்பி வராவிட்டால், மாலை போடும் படத்தை என் மச்சான் தேர்ந்தெடுப்பான். ஏதோ கல்யாணப் பந்தியில் வாயில் வடையோடு இருக்கும் என் தலையை வெட்டி, பின்னால் நீல வானம் ஒட்டி, ‘அமரர்’ என்று அச்சடிப்பான்.

விடமாட்டேன். என் படத்தை நானே போடுவேன்.

என்னிடம் என் முகம் விழுந்த ஒரு நல்ல ஃபிலிம் நெகட்டிவ் இருந்தது. புதுவாயலுக்குப் போய்ப் பழைய என்லார்ஜர் ஒன்று வாங்கினேன். நெகட்டிவில் இருக்கும் முகத்தை விளக்கடித்துக் காகிதத்தில் பெரிதாக இறக்கும் இயந்திரம். விற்றவர் துளசிராமன், போட்டோ ஸ்டூடியோவை மூடிவிட்டவர். வண்டியில் ஏற்றும்போது சொன்னார்.

“நைனா, இத்த சாவு ஊட்டுப் படத்துக்குன்னே வெச்சிருந்தோம். உசுரோட கீறவங்கள இதுல போடாத.”

“நான் பாதிதான் உசுரோட கீறேன். பரவால்ல.”

அவர் சிரிக்கவில்லை.

வீட்டில் என் மனைவி இளமதியும் சிரிக்கவில்லை. “இன்னாத்துக்கு இந்த பேஜாரு? ஆபரேஷன் முடிஞ்சி வந்து போட்டுக்கோயேன்.”

“வந்தா எதுக்குடி படம்?”

பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மதியம் 2.10. ஜன்னலில் கறுப்புத் துணி. சிவப்பு பல்பு. எட்டு விநாடி வெளிச்சம் கொடுத்து, காகிதத்தை, படத்தை வெளியே கொண்டுவரும் டெவலப்பர் மருந்துத் தட்டில் போட்டேன். முதலில் மீசை வந்தது. பிறகு நெற்றி. பிறகு கண்கள்...

மூடியிருந்தன.

நெகட்டிவை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அதில் திறந்துதான் இருந்தன.

2.25. இரண்டாவது காகிதம். மூடிய கண்கள்.

“போடா,” என்றேன் இயந்திரத்திடம். “என் மூஞ்சி. நான் சொல்றாப்லதான் வரணும்.”

2.40. மூன்றாவது காகிதம். தட்டில் போட்டேன். என் முதுகுக்குப் பின்னால்...

சர்க்... சர்க்...

ஈரத்தில் மெல்லிய பிரஷ் இழுபடும் சத்தம்.

நான் திரும்பவில்லை.

சர்க்...

நின்றது.

தட்டைப் பார்த்தேன். கண்கள் திறந்திருந்தன.

வரைந்த கண்கள்.

இடது கண் கொஞ்சம் பெரிது.

சாயங்காலம் துளசிராமனுக்கு போன் போட்டேன். நடந்ததைச் சொல்லவில்லை. பழைய நாட்களைக் கேட்பதுபோலக் கேட்டேன்.

“சில ஊட்ல செத்தவருக்கு ஒரு போட்டோகூட இருக்காது நைனா. பொணத்த உக்கார வெச்சி எடுப்போம். கண்ணு மூடிக்கினு இருக்குமில்ல? என் சம்சாரம் பூவம்மாதான் பிரிண்ட்ல பிரஷ்ஷு வெச்சி கண்ணத் தொறக்கும். எப்பவும் இடது கண்ணு மட்டும் பெருசாப் பூடும். எம்மாம் திட்டினாலும் கேக்காது.”

“அவங்க இப்ப...”

“அது செத்துப் பூட்ச்சி. ரெண்டு வருசம் ஆவுது. நீ யாரையும் உசுரோட போடலியே?”

போனை வைத்துவிட்டேன்.

படத்தைக் கிழிக்கவில்லை. ஃபிரேம் போடக் கொடுத்துவிட்டேன். வடையோடு தொங்குவதற்கு இது மேல்.

வியாழன் காலை ஆறரைக்கு ஆபரேஷன். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்.